படுத்துக்கொண்டு போன தோட்டா

வில்மர் ஓபர்ஹோல்ட்டின் கோட்டுப் பையில் ஒரு புதினா மிட்டாய் டப்பா இருந்தது. அதில் மிட்டாய் இல்லை. ஆறு கூம்புத் தோட்டாக்கள் இருந்தன. நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்டுவிடக்கூடாதே என்று இடையில் பஞ்சு அடைத்திருந்தார். அறுபத்திமூன்று வயது மனிதர், முப்பது வருஷம் பால் டேங்கர் ஓட்டியவர், ஸ்கில்லட் ஓடை வேட்டைக் குடிசையின் தலைவர். அப்படிப்பட்டவர் தன் சொந்தக் கோட்டுப் பையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார்.

இதில் முழிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சட்டப்படி ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் இந்த மான் வேட்டையில், வாய் வழியாக மருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கியாக இருந்தால் போதும். உள்ளே உருண்டையைப் போட்டாலும் சரி, கூம்பைப் போட்டாலும் சரி, பென்சில்வேனியா அரசாங்கம் கண்டுகொள்ளாது. ஸ்கில்லட் ஓடைக் குடிசைதான் கண்டுகொள்ளும். அங்கே அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஆணியடித்துத் தொங்குகிறது:

'இந்தக் குடிசையில் ஈய உருண்டை மட்டுமே. வேறு எதையாவது சுட்டவர் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். திரும்பி வர வேண்டுமானால் மற்ற உறுப்பினர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒப்பம், வில்மர் ஓபர்ஹோல்ட், தலைவர்.'

ஆமாம். அவரே எழுதியது. இதற்கு என்ன சொல்ல?

அந்தக் காகிதம் போன வருஷம் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கிளீட் யார்னல், வில்மரின் மனைவி ஆர்லீனுக்குக் கூடப்பிறந்த தம்பி, குழாய் வேலை செய்கிறவன். இருபத்தாறு வருஷமாக இவரோடு ஒரே குடிசையில் மேல் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டவன். போன வருஷம் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு வந்தான். கூடவே கூம்புத் தோட்டாக்கள். மேஜையில் ஒன்றை நிற்கவைத்து, "மச்சான், பாருங்க, எவ்வளவு லட்சணமா உக்காந்திருக்கு" என்றான்.

வில்மருக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. உருண்டையை எண்ணெய்த் துணியில் பொதிந்து கெட்டிப்பதுதான் முறை என்றார். கூம்பு சோம்பேறிகளுக்கு என்றார். கிட்டே போகத் துப்பில்லாதவன்தான் தூரத்திலிருந்து அடிக்கக் கூம்பு தேடுவான் என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கே அது பின்னால் உதவப் போகிறது. கிளீட்டும் சும்மா இருப்பவனா? "உங்க உருண்டை அறுபது கஜம் தாண்டினா மான் மேல பட்டுட்டு மன்னிப்புக் கேக்கும் மச்சான்" என்றான். வில்மர் பேனாவை எடுத்தார். காகிதம் சுவரில் ஏறியது.

"ஒரு தோட்டாவுக்காக என்னை விரட்டுறீங்களா?" என்று கேட்டான் கிளீட். சிரித்துக்கொண்டேதான் கேட்டான், முதலில்.

"விதின்னா விதிதான்" என்றார் வில்மர்.

கிளீட் தன் வாணலியையும், படுக்கையையும், தகரம் வெட்டும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு சரி. ஒரு வருஷம் ஆயிற்று. குடிசையிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிற அவன் வீட்டிலிருந்து ஒரு போன் கிடையாது. இவரும் போன் பண்ணவில்லை. இரண்டு மூன்று தடவை எண்களை அழுத்தினார், கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டார். வீம்பு என்ற ஒன்று மட்டும் மனிதனுக்கு இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் ஆர்லீன். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்குத் தம்பி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. ஆனால் ஆர்லீன் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள், சரியாக வில்மருக்கு நேர் எதிரே. கரண்டி, முள்கரண்டி, கை துடைக்க மடித்த துணி, எல்லாம். வில்மர் அந்தக் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே வான்கோழியை விழுங்கினார். சாப்பாடு முடிந்ததும் ஆர்லீன் அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை பரிசாகக் கொடுத்தாள். பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட, கனமான, நல்ல சட்டை. கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"புத்தாண்டு அன்னிக்குப் பன்னிக்கறியும் புளிச்ச கோஸும் வைப்பேன். கிளீட் அந்தத் தட்டுல உக்காந்தா வைப்பேன். இல்லேன்னா அடுப்பே பத்த வைக்க மாட்டேன். நீங்க ரொட்டியைத் தின்னுட்டு வருஷத்தை ஆரம்பிச்சுக்கோங்க."

அந்த ஊர்ப்பக்கத்தில் இது சாதாரண மிரட்டல் இல்லை. புத்தாண்டு அன்று பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் வாயில் படாவிட்டால் வருஷம் பூரா உருப்படாது என்று நம்புகிற ஜனம். வில்மர் நம்பாதது போல நடிப்பார், ஆனால் இரண்டு தட்டு சாப்பிடுவார். அதைவிட, ஆர்லீன் அதைச் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

சரி, உருண்டைக் கட்சித் தலைவர் பையில் கூம்பு எப்படி வந்தது? முட்டிதான் காரணம். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. உருண்டையால் மானை விழவைக்க வேண்டுமானால் ஐம்பது, அறுபது கஜத்துக்குள் போக வேண்டும். பனியில் குனிந்து, தவழ்ந்து, மூச்சை அடக்கிப் போக வேண்டும். வில்மர் குனிந்தால் முட்டி 'டப்' என்று சத்தம் போடும், மான் தலையைத் தூக்கிப் பார்க்கும், போய்விடும். மூன்று வருஷமாக ஒரு மான் விழவில்லை. தூரத்திலிருந்து சுட்டுத் தவறவிட்டதுதான் மிச்சம். குறி தவறினால் அந்தக் குடிசையில் தவறவிட்டவரின் சட்டை வாலை, அதாவது பின்பக்கம் தொங்கும் ஓரத்தை, வெட்டி, பேரும் தேதியும் எழுதி, சுவரில் ஆணி அடிப்பார்கள். பல வேட்டைக் குடிசைகளில் உள்ள வழக்கம்தான். ஸ்கில்லட் ஓடையில் வரிசையாக மூன்று வால்கள் தொங்கின, மூன்றிலும் வில்மர் பேர். முட்டி விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்லீனிடம்கூட.

ஆகவே நவம்பரில் ஒரு நாள், தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போய்க் கூம்புத் தோட்டா கேட்டார். கடைக்காரப் பெண், "உங்க குழலோட புரி எப்படி சார்? சீக்கிரமா சுத்துதா, மெதுவா சுத்துதா?" என்று கேட்டாள். குழலுக்குள்ளே திருகாணி போல ஓடுகிற பள்ளத்தைத்தான் புரி என்பது.

"எனக்கில்ல. ஒரு நண்பருக்கு" என்றார் வில்மர்.

"அப்ப நண்பர்கிட்ட சொல்லுங்க. மெதுவான புரின்னா அது உருண்டைக்கானது. அதுல இந்த நீளத் தோட்டாவைப் போட்டா நேரா போகாது, குட்டிக்கரணம் அடிக்கும்."

"நண்பருக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வில்மர் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய குழலின் புரி முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற ஐந்தரை அடி வேண்டும். அதைவிட மெதுவாகச் சுற்றுகிற புரியை அந்த மாவட்டத்தில் தேடினாலும் கிடைக்காது. உருண்டைக்கென்றே பிறந்த குழல். இதை அவரே ஆயிரம் தடவை பெருமையடித்திருக்கிறார். இருந்தும், பாருங்கள், தனக்கு வேண்டியதென்றால் மனிதனுக்குக் காது அடைத்துக்கொள்கிறது.

இருபத்தெட்டாம் தேதி காலை குடிசையில் மூன்றே பேர். வில்மர், நார்பர்ட் ஸெலின்ஸ்கி, அவன் மனைவி பெர்னடீன். நார்பர்ட் சமையல், வாயைத் திறந்தால் உப்பு போதுமா என்று கேட்பதோடு சரி. பெர்னடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தக் குடிசையிலேயே நன்றாகச் சுடுகிறவள் அவள்தான், சுவரில் அவள் பேரில் ஒரு வாலும் இல்லை. ஐம்பது பிள்ளைகளில் எவன் பின்சீட்டில் பபிள்கம் ஒட்டினான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

காலையில் எல்லோரும் வாசல் பலகையில் நின்று ஒன்றாகத்தான் துப்பாக்கி கெட்டிப்பார்கள். ஒருவர் மருந்து போடுவதை மற்றவர் பார்க்க வேண்டும். மருந்தே போடாமல் உருண்டையை மட்டும் இடித்து இறக்கிவிட்டு, மான் எதிரே வந்ததும் 'புஸ்' என்று நிற்கிற ஆட்கள் உண்டு, அதற்காக ஏற்பட்ட வழக்கம்.

"நீங்க கெட்டிக்கலையா தலைவரே?" என்றாள் பெர்னடீன்.

"கை விறைச்சிருக்கு. மேல போய்க் கெட்டிச்சுக்கறேன்."

"நான் வந்த பதினெட்டு வருஷமா இங்கதானே கெட்டிப்பீங்க."

"அந்தப் பதினெட்டு வருஷமும் இவ்வளவு குளிர் இல்லையே."

பெர்னடீன் வெப்பமானியைப் பார்த்தாள். பிறகு வில்மரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

வில்மர் மூச்சு வாங்க மேட்டில் ஏறி, ஒரு சாய்ந்த மரத்தின் பின்னால் உட்கார்ந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். ஒரு மரங்கொத்தியைத் தவிர யாரும் இல்லை. மருந்தைக் கொட்டினார். மிட்டாய் டப்பாவைத் திறந்து, ஒரு கூம்பை எடுத்துக் குழல் வாயில் வைத்து, தள்ளுகோலால் இறக்கினார். துணி வேண்டாம், அதன் உடம்பிலேயே கொழுப்புப் பூசியிருந்தது. ஓர் அங்குல நீளம், விரல் நுனியில் கனமாக, வழவழவென்று. பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஒரு கொம்பு மான் வந்தது. தொண்ணூறு கஜம் இருக்கும். பக்கவாட்டில், அசையாமல், படம் பிடிக்கச் சொல்லி நின்றது போல நின்றது. வில்மர் எழுந்திருக்கக்கூட இல்லை, முட்டிக்கு வேலையே இல்லை. துப்பாக்கியை மரத்தில் சாய்த்து, நிதானமாகக் குறிபார்த்து, விசையை இழுத்தார்.

கல் பொறி கக்கியது, மருந்து சீறியது, வெடித்தது. உருண்டையைவிட இரண்டு மடங்கு கனமானதல்லவா, தோளில் கழுதை உதைத்தது. புகை விலகுவதற்குள் 'டங்' என்று தகரத்தில் கல் விழுந்தது போல ஒரு சத்தம். மான் நின்ற இடத்தில் மான் இல்லை. வாலை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு மேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஓட்டத்திலேயே தெரிந்தது, அதற்கு ஒரு ரோமம்கூட உதிரவில்லை.

அந்த 'டங்' எங்கிருந்து வந்ததென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மானுக்கு இடது பக்கம் இருபது அடி தள்ளி ஒரு பீச் மரம். அதில் ஒரு தகரப் பலகை. 'ஸ்கில்லட் ஓடைக் குடிசை. அனுமதி இல்லாமல் உள்ளே வராதீர்.' இலையுதிர் காலத்தில் வில்மரே சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டியது.

யாராவது சுட்டால், தவறியதோ பட்டதோ, மற்றவர்கள் வந்து பனியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது குடிசை வழக்கம். அடிபட்ட மானை விட்டுவிடக்கூடாது. அடுத்த மேட்டிலிருந்து பெர்னடீனும் பின்னால் நார்பர்ட்டும் வந்தார்கள். மூன்று பேரும் மானின் தடத்தோடு கால் மைல் நடந்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"சுத்தமான தவறல்" என்றார் வில்மர். "வாலை வெட்டிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதுமே பெர்னடீனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. திரும்பி அவர் சுட்ட இடத்துக்கு வந்து, பனியில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"என்ன தேடுறே?"

"உங்க துணியை." உருண்டையைச் சுற்றின துணி, சுட்டதும் பத்துப் பதினைந்து அடியில் கருகி விழும். எங்கே சுட்டாலும் விழும். "காணோமே."

"காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்."

"காத்தே இல்லையே."

வில்மர் குனிந்து தானும் தேடினார். முட்டி 'டப்' என்றது. தேடுகிற சாக்கில் பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துப் பனியில் போட்டுவிட்டு, "அதோ இருக்கே" என்றார்.

பெர்னடீன் அதை எடுத்து விரலில் பிடித்தாள். பால் போல வெள்ளை. ஒரு கரி இல்லை, ஒரு கருகல் இல்லை. "நார்பர்ட், இங்க பாரேன். துப்பாக்கி வழியா போயிட்டு வந்த துணி. சலவைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு."

நார்பர்ட் தொலைநோக்கியில் பீச் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பலகைல ஓட்டை இருக்கு" என்றான். அன்றைக்கு அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மூன்று பேரும் மரத்தடிக்குப் போனார்கள். வில்மர் கடைசியாகப் போனார். 'வராதீர்' என்ற சொல்லின் நடுவே ஓட்டை இருந்தது. வட்டமாக இல்லை. அரை அங்குல அகலம், ஓர் அங்குல நீளம். ஒரு முனை உருண்டு, ஒரு முனை தட்டையாக. தோட்டா படுத்துக்கொண்டே போன அச்சு, பிஸ்கட் அச்சு போலத் துல்லியமாக. பெர்னடீன் தன் பையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து ஓட்டையில் வைத்தாள். இரண்டு பக்கமும் இடம் விட்டு அது உள்ளே ஆடியது.

"தலைவரே, உங்க உருண்டை கால் நீட்டிப் படுத்துக்கிட்டே போயிருக்கு" என்றாள். "களைப்பா இருந்திருக்கும் பாவம்."

தகரத்தில் அப்படி ஓர் அச்சு இருக்கும்போது எதைச் சொல்லிப் பூசி மெழுகுவது? வில்மர் மிட்டாய் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் திறந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "இதுக்காகவா கிளீட்டை விரட்டினீங்க?" என்றாள். அது மான் போனதைவிட, தோள் வலித்ததைவிட மோசமாக இருந்தது.

குடிசையில் அவள் அடுப்புக்கு மேலே இருந்த காகிதத்தை உரக்கப் படித்தாள். அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். திரும்பி வர மற்ற உறுப்பினர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

"நானும் நார்பர்ட்டும் சம்மதம்" என்றாள். "ஆனா அத்தனை பேர்னு போட்டிருக்கீங்க. சுவர்ல மாட்டின உறுப்பினர் பட்டியல்ல நாலு பேர் இருக்கு. நாலாவது பேரை நீங்க அடிக்கவே இல்லை."

உண்மைதான். விரட்டிய வேகத்தில் கிளீட் பேரை அடிக்க வில்மருக்கு மனசு வரவில்லை. அதை மறதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாலையாவது வெட்டிட்டு அனுப்பு" என்றார்.

"எதால வெட்டுறது? கத்தரி கிளீட்டோடது. அவன் எடுத்துட்டுப் போய்ட்டான். போன வருஷத்துலேந்து நாங்க ரொட்டிக் கத்தியால அறுத்துட்டிருக்கோம். உங்க புதுச் சட்டையை அப்படி அறுத்தா ஆர்லீன் எங்களை அறுத்துடுவா."

நார்பர்ட் போய்ப் பலகையை மரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து வில்மரின் வண்டியில் வைத்தான். கூடவே ஸ்க்ராப்பிள் என்கிற பன்றிக்கறிப் பலகாரம் ஒரு துண்டையும் காகிதத்தில் சுற்றி வைத்தான், வழியில் பசிக்குமே என்று.

பன்னிரண்டு மைல். வில்மர் அதைப் பால் டேங்கரைவிட மெதுவாக ஓட்டினார்.

கிளீட் தன் கார் கொட்டகையில், தரையில் ஒரு பம்பைப் பிரித்துப் பரப்பிவைத்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு வருஷத்தில் அவன் தாடி நன்றாக நரைத்திருந்தது.

"என்ன மச்சான், வழி தப்பி வந்துட்டீங்களா?"

வில்மர் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அது வழியிலேயே இறங்கிப் போய்விட்டது. பலகையை நீட்டினார்.

கிளீட் வாங்கினான். ஓட்டையைப் பார்த்தான். ஆள்காட்டி விரலை அதில் நுழைத்து, நீளவாக்கில் நகர்த்திப் பார்த்தான். குழாய்க்காரன் விரல், அளவு சொல்லிவிடும்.

"இது கூம்பு."

"ஆமா."

"பக்கவாட்டுல போயிருக்கு. மெதுவான புரி." மறுபடி பலகையைப் பார்த்தான். பிறகு வில்மரை, அவருடைய தோளை, அவர் அந்தத் தோளை லேசாகத் தூக்கிப் பிடித்திருப்பதை. மெல்ல மெல்ல அவன் முகம் விரிந்தது. "மச்சான். இல்லேன்னு சொல்லுங்க."

"நான்தான்."

கிளீட் சிரித்தான். பம்பின் நடுவிலேயே மல்லாந்து விழுந்து சிரித்தான். ஒரு வாஷர் உருண்டு போய் அலமாரிக்கு அடியில் புகுந்தது, அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. வில்மர் நின்றுகொண்டே இருந்தார். சிரிக்கட்டும், ஒரு வருஷச் சிரிப்பு பாக்கி இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

"உங்க குழல் உருண்டைக்குன்னே செஞ்சது மச்சான்" என்றான் கிளீட் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுல போய்..."

"நீதானே கூம்பு நல்லதுன்னே."

"என் துப்பாக்கிக்கு நல்லதுன்னேன். என் புரி சுருக்கா சுத்தும், அதுக்குக் கூம்புதான். உங்க துப்பாக்கிக்கு உருண்டையை விட்டா நாதி இல்லை. அதையும் அன்னிக்கே சொன்னேன். நீங்க பேனா தேடிட்டிருந்தீங்க."

வில்மர் அன்றைக்கு நடந்ததை யோசித்துப் பார்த்தார். சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான்தான். அவர் காதில் விழவில்லை.

"ஏன் மச்சான்?" என்றான் கிளீட். இப்போது சிரிப்பு இல்லை. "உங்களுக்கு உருண்டைன்னா உசுராச்சே. எதுக்கு இதைத் தொட்டீங்க?"

வில்மர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முட்டி 'டப்' என்றது. அதைக் காட்டினார். "இதான். கேட்டுச்சா? என்னால கிட்டப் போக முடியலை மாப்ள. மூணு வருஷமா முடியலை."

கிட்டே போகத் துப்பில்லாதவன்தான் கூம்பு தேடுவான் என்று வில்மர் கத்தியது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது. கிளீட் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். கையில் வந்து விழுந்த பழம். அவன் சொல்லவில்லை.

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் மேட்டைச் சுத்திப் போய் மானை உங்க பக்கம் ஓட்டிவிட்டிருப்பேன்" என்றான். "நீங்க உக்காந்த இடத்துலேந்து உருண்டையால அடிச்சிருக்கலாம். மாப்ளன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

வில்மர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு காகிதத்தில் எழுதியிருந்ததைச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள், இவன் ஒருவன்தான் பாக்கி.

"அப்ப இப்ப எல்லாம் என் கையிலதான் இருக்கு."

"உன் கையிலதான் இருக்கு."

"கொஞ்சம் இருங்க. இதை ரெண்டு நிமிஷம் அனுபவிச்சுக்கறேன்." கிளீட் நிஜமாகவே இரண்டு நிமிஷம் அனுபவித்தான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். "ஆனா ஒரு சிக்கல் இருக்கு மச்சான். என்னையும்தான் வெளிய தள்ளியிருக்கு. நான் உள்ள வந்தாத்தானே உங்களுக்குச் சம்மதம் சொல்ல முடியும்? நான் உள்ள வர நீங்க சம்மதிக்கணும். நீங்களும் வெளியதான் இருக்கீங்க. இதை எழுதின ஆளு கொஞ்சம் யோசிச்சு எழுதியிருக்கலாம்."

"ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லிடுவோம்."

"வேண்டாம். நீங்க முதல்ல."

ஒரு வருஷமாக அவர் வாயில் நின்றுகொண்டிருந்தது இதுதான். வில்மர் வாளியைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், கடைசியில் அவனைப் பார்த்தார்.

"நான் அன்னிக்குச் சாயங்காலமே சம்மதிச்சுட்டேன் மாப்ள. உன் வண்டி சத்தம் ஓடைப் பாலத்தைத் தாண்டுறதுக்கு முன்னாடியே. சொல்லத்தான் வாய் வரலை. உன்னை விரட்டினது தப்பு."

கிளீட் தலையைக் குனிந்துகொண்டு பம்பில் எதையோ திருகினான். திருக அங்கே ஒன்றும் இல்லை. "சரி" என்றான். "நானும் சம்மதம்." மூக்கை உறிஞ்சினான். குளிர்தான் என்று சொல்லிக்கொண்டான். பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தகரக் கத்தரியை எடுத்தான். "திரும்புங்க."

வில்மர் திரும்பி நின்று கோட்டைத் தூக்கினார்.

"மச்சான், இது புதுச் சட்டை மாதிரி இருக்கே."

"உங்க அக்கா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. மூணு நாள்தான் ஆச்சு."

"அடப்பாவமே" என்றான் கிளீட், ரொம்ப வருத்தமாக, வெட்டிக்கொண்டே.

புத்தாண்டு அன்று மத்தியானம் வீடு முழுக்கப் புளித்த கோஸ் வாசனை. வில்மருக்கு நேர் எதிரே இருந்த தட்டில் கிளீட் உட்கார்ந்து இரண்டாவது தடவை கறி போட்டுக்கொண்டிருந்தான். ஆர்லீன் சமையலறைக்கும் மேஜைக்கும் நடந்தபோதெல்லாம் தம்பியின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். அதை மறைக்கக்கூட இல்லை. என்ன நடந்தது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆள் வந்துவிட்டான், அது போதும்.

உப்பு எடுக்க வில்மர் எழுந்தார். வெட்டை மறைக்கிற கோட்டை மாட்டாமல், பழக்கத்தில் எழுந்துவிட்டார். முன்பக்கம் இடுப்புக்குக் கீழே தொங்கிய சட்டை, பின்பக்கம் முதுகோடு நின்றுவிட்டது. வெட்டின இடத்தில் பச்சை நூல் பிரிந்து தொங்கியது.

ஆர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தச் சட்டைக்கு என்ன ஆச்சு?"

வில்மர் கிளீட்டைப் பார்த்தார். கிளீட் கோஸைப் பார்த்தான். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த கட்டம் போட்ட துணியை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதில் பேரும் தேதியும் எழுதியிருந்தது. கீழே இன்னொரு வரி: 'கூம்பு. தகரப் பலகை. மான் நலம்.'

ஆர்லீன் அதை இரண்டு தடவை படித்தாள். புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், எதிரும் புதிருமாக நிரம்பியிருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்ப வந்தது.

"கழட்டுங்க, ஓரம் மடிச்சுத் தச்சுத் தரேன்" என்றாள் வில்மரிடம். "அடுத்த கிறிஸ்துமஸுக்கு வால் நீளமா இருக்கிறதாப் பாத்து வாங்கணும். நீங்க எப்படியும் தவறவிடத்தான் போறீங்க, வெட்டுறதுக்கு அவனும் பக்கத்துல இருக்கான்."